கிளாமர்: ஒரு பழைய ஸ்காட்ஸ் சொல்லின் பொருளும் பிறப்பும்

ஸ்காட்லாந்தின் பழைய கதைப்பாடல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கும் அன்பர் ஒருவர், அதன் ஓர் அடியில் தடுக்கி நின்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். கோட்டை வாசலில் வந்து பாடும் ஜிப்சிகள், படியிறங்கி வரும் சீமாட்டியின் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் அவள்மேல் ‘கிளாமரை வீசினார்கள்’ என்கிறது அந்த அடி. நம் சினிமாப் பத்திரிகைகள் நாள்தோறும் புழங்கும் கிளாமர்தானா இது என்பது முதல் கேள்வி. இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்ற சொல்லே திரிந்து கிளாமர் ஆயிற்று என்கிறார்களே, அது மெய்யா, அல்லது யாரோ கட்டிவிட்ட சுவையான கதையா என்பது இரண்டாவது. சொல் அதேதான், பொருள் அதுவன்று. கிராமரின் திரிபு என்பதும் கட்டுக்கதையன்று. இன்றைய அகராதியாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட முடிவு அது. ஆனால் இலக்கணம் எப்படி மந்திரமாகும், மந்திரம் எப்படி நடிகையின் புகைப்படமாகும் என்பதைச் சொல்லாமல் இந்த விடையை மட்டும் கொடுத்தால் மொழிபெயர்ப்புக்கு அது உதவாது.

முதலில் மொழியைப் பற்றிச் சிறிது தெளிவு வேண்டும். ஸ்காட்லாந்தின் மேட்டு நிலங்களிலும் மேற்குத் தீவுகளிலும் பேசப்பட்ட கேலிக் மொழி அயர்லாந்தின் மொழிக்கு உறவானது. தாழ்நிலங்களில் பேசப்பட்ட ஸ்காட்ஸ் அதனின்றும் முற்றிலும் வேறு. பழைய ஆங்கிலத்தின் வடபுற வழக்கிலிருந்து கிளைத்து, ஒரு காலத்தில் அரசவையும் நீதிமன்றமும் கவிஞர்களும் ஆண்ட மொழி. 1603-இல் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் அரியணையையும் பெற்று லண்டனுக்குப் பெயர்ந்த பிறகும், 1707-இல் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் ஒன்றான பிறகும், அது படிப்படியாக வட்டார வழக்கு என்ற நிலைக்கு இறக்கப்பட்டது. கிளாமர் இந்த ஸ்காட்ஸ் மொழிக்கு உரிய சொல். தன் மொழி அச்சிலிருந்து மறைந்துவிடுமோ என்ற கவலையில் 18-ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்துக் கவிஞர்கள் பழைய பாடல்களையும் சொற்களையும் தேடித் தொகுத்தார்கள். கிளாமர் ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

அச்சில் கிடைக்கும் பழைய விளக்கங்களுள் ஒன்று, எடின்பரோவில் வாழ்ந்த ஆலன் ராம்சி 1721-இல் வெளியான தம் கவிதைத் தொகுப்புக்கு எழுதிய சொற்பட்டியலில் இருக்கிறது. பேய்களோ மந்திரவாதிகளோ செப்பிடுவித்தைக்காரர்களோ பார்வையை ஏமாற்றும்போது, பார்ப்பவரின் கண்களுக்கு மேல் அவர்கள் கிளாமரை வீசினார்கள் என்று சொல்லப்படும் என்பது அவர் தரும் விளக்கத்தின் சாரம். இதில் அழகு, கவர்ச்சி, ஆடம்பரம் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யார்மேல் வீசப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்: இன்று நாம் ‘கிளாமரான ஆள்’ என்னும்போது அந்தப் பண்பு பார்க்கப்படுபவரிடம் இருக்கிறது, ராம்சியின் காலத்தில் அது பார்ப்பவரின் கண்ணில் விழுந்தது. தமிழில் இதற்குப் புதுச் சொல் தேட வேண்டியதில்லை. கண்கட்டு வித்தை என்று நாம் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். (ராம்சி தொழிலால் பொய்முடி செய்பவராக இருந்தவர், பிறர் கண்ணை ஏமாற்றும் கலை அவருக்கு அந்நியமானதன்று.)

கண்கட்டுக்கும் உருமாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சொல்லின் உயிர்நாடி. மந்திரவாதி கல்லைப் பொன்னாக்கினால் அது உருமாற்றம். கல் கல்லாகவே கிடக்க, நம் கண்ணுக்கு மட்டும் அது பொன்னாகத் தெரிந்தால் அது கிளாமர். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் கிறித்தவ இறையியல் இருக்கிறது. படைக்கும் ஆற்றல் கடவுளுக்கே உரியது, ஆகவே தீய ஆவிகளால் ஒரு பொருளின் இயல்பை உண்மையில் மாற்ற முடியாது, தோற்றத்தை மட்டுமே மாற்றிக் காட்ட முடியும் என்று 5-ஆம் நூற்றாண்டிலேயே புனித அகுஸ்தீன் வாதிட்டிருந்தார். இடைக்காலம் முழுவதும் அந்த வாதம் செல்வாக்கோடு இருந்தது. அதன்படி சூனியக்காரி மனிதனைக் கழுதையாக்குவதில்லை. அவன் கழுதை என்று காண்போரும், சில வேளைகளில் அவனே தன்னைக் கழுதையென்றும் நம்பச் செய்கிறாள்.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் ஸ்காட்லாந்துக் கவிஞர் வால்டர் ஸ்காட் 1805-இல் வெளியிட்ட ‘கடைசிப் பாணனின் பாடல்’ என்னும் நெடுங்கவிதை. அதில் மைக்கேல் ஸ்காட் என்ற மந்திரவாதியின் நூல், மெல்ரோஸ் மடாலயத்தில் அவனுடைய கல்லறையிலிருந்து எடுத்துவரப்படுகிறது. ஒரு குட்டிச்சாத்தான் வேலையாள் அதைக் கைப்பற்றுகிறான். இரும்புப் பூண் போட்ட அந்த நூல் எளிதில் திறப்பதில்லை. அடிபட்டுக் கிடக்கும் வீரனின் இரத்தத்தைப் பூணில் தடவியபின் திறக்கிறது. ஒரேயொரு சிறு மந்திரத்தைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிப்பதற்குள், யார் அடித்தார்கள் என்று தெரியாத ஓர் அடி விழுந்து அவன் மல்லாந்து போகிறான், நூலும் மூடிக்கொள்கிறது. படித்த அந்த ஒரு மந்திரத்தில் இருந்தது கிளாமரின் ஆற்றல் என்கிறார் கவிஞர். பெண் வீரனாகத் தெரிவாள். இருட்டறைச் சுவரின் சிலந்திவலை, பிரபுவின் கூடத்தில் தொங்கும் சித்திரத் திரையாகத் தெரியும். கொட்டையின் ஓடு பொன்முலாம் பூசிய படகாகவும் ஆட்டிடையனின் குடிசை அரண்மனையாகவும் இளமை முதுமையாகவும் முதுமை இளமையாகவும் தெரியும். எல்லாம் மயக்கம், எதிலும் உண்மை இல்லை. அடுக்கிச் சொல்லும் ஒவ்வொன்றிலும் வினை ‘தெரியும்’ என்பதுதான், ‘ஆகும்’ என்பது ஓரிடத்திலும் இல்லை. போதாக்குறைக்கு, பார்ப்பவரின் கண்மேல் அதிகாரம் செலுத்தி, ஒரு பொருளின் தோற்றம் அதன் உண்மைக்கு முற்றிலும் வேறாகப்படும்படி செய்யும் மந்திர ஆற்றல் என்று இச்சொல்லுக்குத் தனிக் குறிப்பும் எழுதினார் ஸ்காட். இங்கிலாந்தின் வாசகர்களுக்கு அப்படி ஒரு குறிப்பு தேவைப்பட்டது என்பதே சொல் அதுவரை எல்லை தாண்டிப் பரவியிருக்கவில்லை என்பதற்குச் சான்று.

இனி இரண்டாவது கேள்வி. கிரேக்க மொழியில் ‘கிராம்மா’ என்றால் எழுதப்பட்டது, எழுத்து. எழுத்தைக் கையாளும் கலை கிரேக்கத்தில் ‘கிராமட்டிகே’ என்றும் இலத்தீனில் ‘கிராமட்டிகா’ என்றும் ஆயிற்று. பழைய பிரெஞ்சில் அது ‘கிராமேர்’ என்று சுருங்கியபோது அதன் பொருள் விரிந்துவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் தாய்மொழியின் இலக்கணமன்று, இலத்தீன் இலக்கணம். இலத்தீன் அறிந்தவர் குருமார், துறவிகள், மருத்துவர், சோதிடர் ஆகிய சிலரே. ஆகவே கிராமேர் என்பது இலத்தீன் கல்வியையும், பொதுவாக நூற்கல்வி முழுவதையும், பின்னர் நூல் படித்தவனுக்கு மட்டுமே தெரிந்த மறைவான வித்தைகளையும் குறித்தது. எழுத்தறியாத உழவனின் பக்கம் நின்று இதைப் பார்க்க வேண்டும். ஒருவன் தோலில் வரைந்த கறுப்புக் கோடுகளைப் பார்த்து முணுமுணுக்கிறான். என்றோ இறந்தவரின் பேச்சு அவன் வாயிலிருந்து வருகிறது. விண்மீன் கணக்குப் போட்டுக் கிரகணம் வரும் நாளைச் சொல்கிறான். அவன் படிக்கிறானா மந்திரம் போடுகிறானா என்று பிரித்தறிய உழவனுக்கு வழியேது? தமிழிலும் ‘ஓதுதல்’ என்பது மறையைக் கற்பதற்கும் திருமுறையைப் பாடுவதற்கும் தண்ணீரில் மந்திரம் சொல்லிக் கொடுப்பதற்கும் பொதுவாக இருக்கிறது.

பிரெஞ்சில் இந்தச் சொல்லின் ஒரு கிளை ‘கிரிம்வார்’ ஆகி, இன்றும் மந்திர நூலைக் குறிக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் புகுந்த இன்னொரு கிளை ‘கிராமரி’. முதலில் இலக்கணம், கல்வி என்ற பொருளிலும், 15-ஆம் நூற்றாண்டளவில் மந்திர வித்தை என்ற பொருளிலும் வழங்கியது. ஸ்காட்லாந்தில் கிளாமர் என்பதோடு ‘கிளாமரி’ என்ற வடிவமும் உண்டு. கிராமரி ஒருபுறம், கிளாமரி மறுபுறம் என்று இரண்டும் ஒரே பொருளில், ஓரெழுத்து மட்டும் வேறுபட்டு நிற்பதுதான் இந்தச் சொற்பிறப்புக்கு ஆதரவான வலுவான சான்று என்பது என் கருத்து. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், இப்படிப்பட்ட இணை வடிவம் இல்லாதிருந்தால் நான் தயங்கியிருப்பேன்.

ரகரம் லகரமானது எப்படி என்று கேட்கலாம். ஒரே சொல்லில் ரகரம் இருமுறை வந்தால் நாக்கு சலித்து அவற்றுள் ஒன்றை லகரமாக்கிவிடுவது ஐரோப்பிய மொழிகளில் பரவலாகக் காணப்படும் போக்கு. வேற்றூரார் என்ற பொருளுடைய இலத்தீனின் ‘பெரெக்ரீனுஸ்’ ஆங்கிலத்தில் ‘பில்கிரிம்’ ஆனதும், மரத்தைக் குறிக்கும் ‘ஆர்போர்’ ஸ்பானியத்தில் ‘ஆர்போல்’ ஆனதும், ‘புர்புரா’ ஆங்கிலத்தில் ‘பர்ப்பிள்’ ஆனதும் இதே வழியில்தான். கிராமரின் இரண்டு ரகரங்களுள் முதலாவது லகரமாக, கிளாமர் கிடைத்தது. தமிழிலும் பந்தல் பந்தராகவும் சாம்பல் சாம்பராகவும் நிற்பதை இறுதிப்போலி என்று நன்னூல் வழியில் படித்திருக்கிறோம். காரணம் வேறாயினும் இவ்விரண்டு ஒலிகளும் இடம் மாறிக்கொள்வது நமக்குப் புதிதன்று. இன்னொரு தற்செயல் ஒற்றுமையையும் சொல்லிவிடுகிறேன். இலக்கணம் என்ற சொல்லும், பெண் பார்க்கப் போன இடத்தில் ‘லட்சணமாக இருக்கிறாள்’ என்று சொல்லும் இலட்சணமும் ஒரே மூலத்தின் இரு வடிவங்கள் என்பது தமிழ் லெக்சிகன் உள்ளிட்டவை ஏற்கும் கருத்து. தனித்தமிழ் அறிஞர்கள் அதை மறுத்து இலக்கு என்ற வேரைக் காட்டுவார்கள். எப்படியானாலும் அந்த ஒற்றுமைக்கும் கிளாமருக்கும் உறவு ஏதுமில்லை. யாராவது உறவு கற்பித்தால் நம்ப வேண்டாம்.

கல்வி மந்திரமாக மாறிய கதைக்கு உருவம் கொடுத்தது போல வாழ்ந்தவர், மேலே கண்ட மைக்கேல் ஸ்காட். கவிதையில் வரும் மந்திரவாதி கற்பனை. ஆனால் அப்பெயருடைய மனிதர் மெய்யாகவே இருந்தார். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் டொலேடோ நகரில் இருந்துகொண்டு, அல்-பித்ரூஜியின் வானியல் நூலையும் விலங்குகளைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூல்களையும் அரபியிலிருந்து இலத்தீனுக்குப் பெயர்த்தவர். பின்னர் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில் சோதிடராகவும் அறிஞராகவும் இருந்தவர். அவர் செய்தது முழுக்க முழுக்க எழுத்து வேலை. ஆனால் அரபி தெரிந்தவர், விண்மீன் பார்ப்பவர் என்பது போதுமானதாக இருந்தது. நூறாண்டு கழிவதற்குள் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவரை நரகத்தில், முகம் முதுகுப்புறம் திருகப்பட்ட குறிகாரர்களின் கூட்டத்தில் நிறுத்தி, மந்திர மோசடியின் ஆட்டத்தை மெய்யாகவே அறிந்தவர் என்று அறிமுகப்படுத்தினார். ஸ்காட்லாந்தின் எல்லைப்புற மக்களோ, மெல்ரோஸுக்கு அருகிலுள்ள எய்ல்டன் மலை மூன்று சிகரங்களாகப் பிளந்து நிற்பது அவருடைய மந்திரத்தால்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வளவு புகழ் கிடைத்தது வேறெங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

கிராமர் வழியை எதிர்க்கும் கொள்கை ஒன்று உண்டு. அதை அலட்சியமாக ஒதுக்க முடியாது. 1808-இல் ஸ்காட்ஸ் மொழிக்குப் பெரிய சொற்பிறப்பு அகராதியை வெளியிட்ட ஜான் ஜேமிசன், இச்சொல்லை ஐஸ்லாந்தின் பழைய மொழியோடு இணைத்தார். அந்நாட்டின், கிரெட்டிர் என்ற வீரனைப் பற்றிய பழங்கதையில் கிளாம் என்ற பெயருடைய ஓர் ஆட்டிடையன், இறந்தபின் பிணப்பேயாக எழுந்து பண்ணைக் கூரைகளின்மேல் ஏறி மிதிக்கிறான். கிரெட்டிர் அவனோடு மல்லாடி வீழ்த்துகிறான். ஆனால் விழும்போது மேகம் விலகி நிலவொளி அந்தக் கண்களில் பட, அவற்றின் பார்வையைக் கண்டு வாழ்நாளில் முதன்முறையாக அஞ்சுகிறான். அன்றுமுதல் இருட்டில் தனியே இருக்க அவனால் முடியவில்லை. பொருள்களை உள்ளபடி காணாமல் வேறாகக் காண்பவர்களுக்குக் கிளாம் தன் கண்ணைக் கடன் கொடுத்திருக்கிறான் என்றும், அவர்களுக்குக் கிளாம்-பார்வை வந்துவிட்டது என்றும் சொல்லும் வழக்கு அதிலிருந்தே பிறந்தது என்று அக்கதை முடிவுகட்டுகிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது ஜேமிசன் அதைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஆயினும் இதை ஏற்பதில் தடைகள் இருக்கின்றன. வைக்கிங் குடியேற்றங்களின் வழியே ஸ்காட்ஸில் புகுந்த நோர்ஸ் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) சொற்கள் பழையவை. கோயிலைக் குறிக்கும் ‘கிர்க்’, வீடு மாறுதலைக் குறிக்கும் ‘ஃபிளிட்’ போன்றவை இடைக்கால ஏடுகளிலேயே கிடைக்கின்றன. கிளாமரோ பல நூற்றாண்டுகள் தலைகாட்டாமல் 18-ஆம் நூற்றாண்டில் திடீரென்று வருகிறது. கிளாம் என்பது நோர்ஸில் ‘கிளாம்ர்’ என்று ரகரத்தில் முடிந்தாலும், கடன் வாங்கும்போது நோர்ஸ் பெயர்களின் இறுதி ரகரம் பொதுவாக உதிர்ந்துவிடும் என்பதால், கிளாமரின் கடைசி எழுத்தும் கணக்கில் உதைக்கிறது. கிராமரி–கிளாமரி என்ற இணைக்கு இக்கொள்கை எந்த விளக்கமும் தருவதில்லை. நான் கிராமர் வழியையே ஏற்கிறேன்.

இப்போது கேள்விக்குக் காரணமான பாடலுக்கு வரலாம். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305-ஐத் தொகுத்து எண்ணிட்டபோது இப்பாடலுக்கு 200 என்ற எண் கிடைத்தது. ஜிப்சித் தலைவன் ஜானி ஃபாவோடு ஒரு பிரபுவின் மனைவி ஓடிப்போவதும், பிரபு விரட்டிச் சென்று ஜிப்சிகளைத் தூக்கிலிடுவதும் கதை. அவள் காசிலிஸ் பிரபுவின் மனைவி என்று மக்கள் சொன்னாலும், கணவர் எழுதிய கடிதங்கள் காட்டும் அன்பு அந்தக் கதைக்கு ஒத்துவராததால் வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. ஃபா என்ற குடும்பப் பெயர் மட்டும் மெய். 1540-இல் மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் ஒரு ஜானி ஃபாவைச் ‘சின்ன எகிப்தின்’ தலைவராக ஏற்று ஆணை பிறப்பித்தார்; 1609-இல் ‘எகிப்தியர்’ அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது; 1624-இல் அதே பெயருடைய இன்னொரு தலைவர் தம் கூட்டாளிகளோடு தூக்கிலிடப்பட்டார். இவர்களை எகிப்தியர் என்று ஐரோப்பா தவறாக எண்ணியதே ஜிப்சி என்ற பெயருக்குக் காரணம். அவர்களுடைய ரோமானி மொழி இந்திய மண்ணில் பிறந்தது என்பதை மொழியியல் பின்னர் உறுதி செய்தது.

ஊரூராகச் சென்று வித்தை காட்டியும் குறி சொல்லியும் பிழைத்தவர்கள் என்பதால், கிளாமர் வீசுபவர்கள் என்ற பழி அவர்கள்மேல் எளிதில் ஒட்டிக்கொண்டது. பாடலைக் கூர்ந்து படித்தால், அது சீமாட்டியைக் காப்பாற்றும் ஓர் உத்தியாகவும் இருப்பது தெரியும்: அவள் விரும்பிப் போனாள் என்று சொல்வதைவிடக் கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று சொல்வது குடும்ப மானத்துக்கு நல்லது. இந்தப் பாடலின் ஆங்கில அச்சுத்தாள் ஒன்று ஏறத்தாழ 1720-ஐச் சேர்ந்தது. அதில் வேடிக்கையான ஒரு பிழை இருக்கிறது. சீமாட்டியின் முகத்தைக் கண்டதும் ஜிப்சிகள் ‘தங்கள் பாட்டியைக் கூப்பிட்டார்கள்’ என்று அது அச்சிட்டிருக்கிறது. ‘காஸ்ட் த கிளாமர் ஓவர்’ என்று காதில் விழுந்ததற்குப் பொருள் தெரியாமல், தெரிந்த சொற்களில் மிக அருகில் இருந்த ‘கிராண்ட்மதர்’ என்பதை யாரோ போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டி கதையில் அதன்பின் வருவதே இல்லை. ஸ்காட்லாந்தில் பாடகர் ஒவ்வொருவரும் அறிந்திருந்த சொல், தெற்கே அச்சுக்கூடத்தில் யாருக்கும் தெரியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் இச்சொல்லை எங்கே வைத்தார் என்பதும் பார்க்கத் தக்கது. ஆங்கிலேயரான ஃபிரான்சிஸ் குரோஸ் என்ற தொல்பொருள் ஆர்வலர் ஸ்காட்லாந்தின் பாழடைந்த கோட்டைகளையும் கோயில்களையும் வரைந்து தொகுக்க வந்தபோது, பர்ன்ஸ் 1789-இல் அவரைக் கேலி செய்து ஒரு கவிதை எழுதினார். கிளாமரில் வணிகம் செய்யும் ஜிப்சிக் கூட்டமே, நரகத்தின் கறுப்பு கிராமரை ஆழப் படித்தவர்களே, சூனியக்காரர்களே, இவருடைய மந்திரச் சுத்தியலைக் கண்டு நடுங்குவீர்கள் என்று அதில் அழைக்கிறார். கிளாமரும் கிராமரும் ஒன்றன்பின் ஒன்றாக அடியின் இறுதியில் நின்று இயைபுத் தொடையாகின்றன. இரண்டும் ஒரே சொல்தான் என்று பர்ன்ஸ் அறிந்திருந்தாரா என்பது வேறு. கிராமர் என்றால் மந்திர நூற்கல்வி என்ற பழைய பொருள் அவர் காலத்து வாசகருக்கு இன்னும் புரிந்தது என்பதை இவ்வரிகள் காட்டுகின்றன.

அதற்குள் சூனியம் என்ற எண்ணமே மாறிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தில் 1563-இல் வந்த சட்டம் சூனியத்துக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 1736-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அதை நீக்கி, சூனியம் செய்ய வல்லவராகப் பாசாங்கு செய்வதையே குற்றமாக்கியது. அதாவது, அரசு இனிச் சூனியத்தை நம்பவில்லை, ஏமாற்றை மட்டுமே நம்பியது. மற்றச் சூனியச் சொற்கள் இதனால் வலுவிழந்தபோது கிளாமர் மட்டும் தப்பியதற்கு, அது தொடக்கத்திலிருந்தே ஏமாற்றைக் குறித்தது காரணமாக இருக்கலாம் என்று நான் கருதுகிறேன்.

கிளாமரை முறிக்கும் என்று மக்கள் நம்பியது நான்கு இலை கொண்ட கிளோவர்ச் செடி. கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் உள்ள ஒரு கதையில், சேவல் ஒன்று கனமான உத்தரத்தைத் தூக்கி நடப்பதாக ஒரு வித்தைக்காரன் கூட்டத்துக்குக் காட்டுகிறான். அப்போதுதான் நான்கிலைக் கிளோவர் ஒன்றைக் கண்டெடுத்திருந்த ஒரு பெண், அது வெறும் வைக்கோல் என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிடுகிறாள். வித்தைக்காரன் பழிவாங்க அவளுடைய திருமண நாள் வரை காத்திருக்கிறான். ஊர்வலத்தில் வரும் அவளுக்கு முன்னால் ஓடை பெருக்கெடுத்திருப்பதாகத் தோன்ற, பாவாடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். உண்மையில் அது நீலப்பூ பூத்த ஆளிச்செடி வயல், எல்லோரும் சிரிக்கிறார்கள். கதை ஜெர்மனியினுடையது, ஆனால் அவன் வீசியது கிளாமரேதான்.

மோசடிப் பொருள் மெச்சும் பொருளாக மாறியது வால்டர் ஸ்காட்டுக்குப் பிந்திய ஆங்கிலத்தில். அவருடைய நூல்கள் பரவியதோடு சொல்லும் பரவியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தொலைவும் பழமையும் ஒரு பொருளுக்குத் தரும் மயக்கும் அழகு என்ற பொருள் படிந்தது. 1880-களில் அதிலிருந்து பெயரடையும் பிறந்தது. இதே வழியில் போன இன்னொரு சொல் ‘பிரெஸ்டீஜ்’. இலத்தீனில் அது செப்பிடுவித்தைக்காரனின் தந்திரம். கட்டுதல், பார்வையை மழுக்குதல் என்ற பொருளுடைய வினையோடு அதை இணைப்பார்கள். பிரெஞ்சில் மாயத்தோற்றமாகி, 19-ஆம் நூற்றாண்டில் மதிப்பும் பெருமையும் ஆகி, கடைசியில் நம் அடுப்படிக் குக்கரின் பெயராகவும் வந்து சேர்ந்தது. ஏமாற்று என்று தெரிந்தும் வியக்க வைப்பதை மனிதர்கள் மெச்சத் தொடங்கினால், சொற்களும் பக்கம் மாறிவிடுகின்றன போலும்.

கிளாமரை முகத்தில் ஒட்டியது ஹாலிவுட். 1930-களில் ‘கிளாமர் பெண்’ என்ற தொடர் பெருவழக்கானது. 1939-இல் ‘கிளாமர் ஆஃப் ஹாலிவுட்’ என்ற பெயரில் ஒரு பத்திரிகையே தொடங்கப்பட்டது. அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட முறையைப் பார்த்தால் பழைய பொருள் முற்றிலும் போய்விடவில்லை என்பது தெரியும். நடிகை மர்லீன் டீட்ரிக்கின் படங்களில் முகத்துக்கு நேரே, மிக உயரத்திலிருந்து ஒரு விளக்கு விழும். மூக்கின்கீழ் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சிறு நிழல் படியும். கன்னத்தின் குழிவு ஆழமாகி எலும்பு எடுப்பாகத் தெரியும். ஜார்ஜ் ஹரெல் போன்ற புகைப்படக்காரர்கள் நெகட்டிவின்மேல் பென்சிலால் பொறுமையாக வேலை செய்து தோலின் புள்ளிகளையும் சுருக்கங்களையும் மறைத்தார்கள். முதுமை இளமையாகத் தெரியும் என்று ஸ்காட் எழுதியது இங்கே ஸ்டூடியோவின் அன்றாட வேலையானது. அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்த சொல், ‘கிளாமர் ரோல்’, ‘கிளாமராக நடிக்க மாட்டேன்’ என்ற தொடர்களில், உடுத்தும் துணியின் அளவைப் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. இது ஆங்கிலத்திலும் இல்லாத அளவுக்குக் குறுகிய பொருள். மொழிபெயர்ப்பாளர் முதலில் மறக்க வேண்டியது இதைத்தான்.

ஆகவே அந்த அடியில் ‘கவர்ச்சியை வீசினார்கள்’ என்று எழுதினால் ஜிப்சிகள் அழகாக இருந்தார்கள், அவள் மயங்கினாள் என்று ஆகிவிடும். பாடல் சொல்வது அதுவன்று. ‘அவள் கண்ணைக் கட்டினார்கள்’ என்றால் துணியால் கட்டியதாக நினைக்க இடமுண்டு. ‘கண்கட்டு மந்திரம் போட்டார்கள்’ என்பது பொருளுக்கும் நாட்டுப்பாடலின் பேச்சுநடைக்கும் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. வால்டர் ஸ்காட்டின் வரிகளுக்கும், பர்ன்ஸின் ‘கிளாமர் வணிகத்துக்கும்’ கண்கட்டு என்ற சொல்லே போதும். ஆனால் அதே சொல்லை 1859-இல் ஆங்கிலக் கவிஞர் ஆல்ஃபிரட் டென்னிசன் ஆர்தர் மன்னர் கதைகளில் ஆளும்போது, குவிடியன் என்ற வேல்ஸ் நாட்டு மந்திரவாதி பூக்களிலிருந்து கிளாமரால் ஒரு பெண்ணை உருவாக்கியதாகச் சொல்கிறார். அந்தப் பழங்கதையில் அவள் தோற்றமன்று. ஓக் மரத்தின் பூவும் வேறு இரண்டு காட்டுப் பூக்களும் சேர்ந்து உண்மையிலேயே உயிர்பெற்ற பெண், திருமணம் செய்து கணவனுக்கே துரோகமும் செய்தவள். அங்கே கண்கட்டு என்று போட்டால் கதையே கெட்டுவிடும். மாயம் என்றுதான் எழுத வேண்டும்.